மச்சான் எழுதிய நாற்பத்தெட்டுப் பக்கம்

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் டாக்டர் பட்டம் வாங்கிய எத்தனையோ பேருடைய ஆய்வேட்டை என் கைதான் அடித்திருக்கிறது. நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் பஸ் இறங்கும் இடத்துக்கு எதிரே நான் டைப் அடிக்கும் டி.டி.பி. கடை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். இங்கிலீஷ் எனக்கு அர்த்தம் தெரியாது. எழுத்தைப் பார்ப்பேன், அதே எழுத்தை அடிப்பேன். அர்த்தம் தெரிந்தவர்கள்தான் அடுத்த வார்த்தையைத் தாங்களாகவே ஊகித்துத் தப்பு விடுவார்கள், உனக்கு அந்தக் கெடுதல் இல்லை என்று கடைக்கார அக்கா சொல்வார். அக்கா வீட்டில் சௌராஷ்ட்ரம் பேசுகிறவர். போனில் அவர் அம்மாவிடம் என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் எனக்குப் புரியாது. அவர் சிரிப்பதை வைத்து நல்லதுதான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

மச்சான் என் அத்தை மகன். இரண்டு குடும்பமும் பேரையூர்ப் பக்கம், தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் வேலை பார்த்த குடும்பங்கள். எங்கள் ஆட்களில் முதலில் டிப்ளமோ படித்தது அவர்தான். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இதயத்தின் வால்வு கெட்டுப்போயிருந்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். இது தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை.

முதலில் அவர் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தார். அங்கே இருந்த பழைய மெஷினில் ஏ.பி.எல். என்று ஒரு மொழி ஓடியது. மெஷினையும் அதன் கையேட்டையும் தூக்கிப்போடும் நாள் வந்தபோது, கையேட்டை மட்டும் இவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிறகு மதுரையில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டென்ட் வேலை. பெங்களூரிலிருந்து யாரோ ஒருவர் தபாலில் அனுப்பிய பிளாப்பியில் அந்த மொழி மறுபடியும் அவர் கைக்கு வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று பேர் குடியிருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அதன்மேல் பொறாமை இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அந்த மொழியில் வார்த்தைகளே கிடையாது. குறிகள்தான். வட்டம், வட்டத்துக்குள் கோடு, கொக்கி, சின்ன வீடு மாதிரி ஒன்று. பேரையூர் தாலுகா ஆபீஸ் மழைப் பதிவேட்டைப் பார்த்து அவர் எழுதிவந்த ஒரு பெரிய கட்டம் இருந்தது. வரிசைக்கு ஒரு வருஷம், வரிசைக்குள் பன்னிரண்டு மாசம். எந்த மாசம் எல்லா வருஷமும் ஏமாற்றியது என்று கண்டுபிடிக்க மற்ற மொழிகளில் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். இதில் அரை வரி. ஒரு நாள் எனக்குப் புரிய வைத்தே தீருவது என்று உட்கார்ந்தார்.

"மத்த மொழியெல்லாம் ஒத்த ஒத்த ஆளாக் கூப்ட்டு வேலை சொல்றது மாதிரி புள்ள. இது அப்டியில்ல. காட்டுல நிக்கிற அம்புட்டுப் பேத்துக்கும் வரப்புல நின்னு ஒரே சத்தம் குடுக்குறது."

"வரப்புல நின்னு சத்தம் குடுத்தது நம்ம ஆளுகளா மச்சான்? நமக்குல்ல சத்தம் குடுப்பாக."

அவர் சிரித்தார். சிரித்தால் மூச்சு வாங்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். "சரி, இப்ப நம்ம குடுப்போம்" என்றார்.

இதை ஊருக்குக் காட்ட அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். காலேஜ்களுக்குக் கடிதம் எழுதுவார். நான்தான் டைப் அடிப்பேன். பதில் வராது. கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அவருடைய சிநேகிதர் ஒருத்தர் கடைக்கு வந்தால் என்னிடம், தங்கச்சி, ஒன் ஆளு கம்ப்யூட்டருக்குக் குறி சொல்லக் கெளம்பிட்டான்போல, உடுக்கைதான் பாக்கி என்பார். ஆய்வேடு அடிக்க வந்து காத்திருக்கும் பிள்ளைகளிடம் மச்சான் மூன்றாவது கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுவார். ஒரு பையன் பொறுமையாகக் கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டான்.

"சி ப்ளஸ் ப்ளஸ் படிச்சா அமெரிக்கா போலாம்ணே. இதப் படிச்சா எங்க போலாம், பேரையூருக்கா?"

கடையே சிரித்தது. அக்காகூடச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மச்சானுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. பத்துப் பேர் வீட்டிலோ லேபிலோ உட்கார்ந்து சொந்தமாக இதைப் போட்டுப் பார்க்க வேண்டும். பத்தே பேர். நான் இல்லாம இது ஓடணும் புள்ள என்பார். இல்லாமல் என்பதை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் வால்வு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தேதிக்குக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான் அவர் புத்தகம் எழுதினார். தமிழிலேயே. தமிழில் படிக்கிற பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் புரிய வேண்டும் என்று. அவர் வேலை பார்த்த காலேஜில் துறைத் தலைவர், கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரு நாள் ஒதுக்கிக் கொடுத்தார். லேப் அசிஸ்டென்ட்டுக்கு அது பெரிய மரியாதை. அந்த நாளுக்குள் இருநூறு பிரதி கையில் இருக்க வேண்டும், வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று, மீதி மற்ற காலேஜ்களுக்கு.

புத்தகத்தை நான் அடித்தேன். தமிழ்ப் பகுதிக்கு ஒரு எழுத்துரு, குறிகளுக்கு அவருடைய பிளாப்பியில் வந்த எழுத்துரு. அந்தக் காலத்து எழுத்துருவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு 'அ' தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். அந்த எண்ணின் மேல் எந்த எழுத்துருவை வைக்கிறோமோ அதன் உருவம் திரையில் தெரியும். மச்சானின் குறிகள் குடியிருந்த அதே எண்களில்தான் எங்கள் தமிழ் எழுத்துகளும் குடியிருந்தன.

இரண்டு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு பக்கமாக ப்ரூப் பார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் காலையிலேயே டெஸ்ட் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து அக்கா பக்கங்களை எண்ணினார். ஐம்பது.

அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். மூன்று ஃபாரம் என்றால் நாற்பத்தெட்டு. ஐம்பது என்றால் நான்காவது ஃபாரம் போட வேண்டும், இரண்டு பக்கம் அச்சாகிப் பதினான்கு பக்கம் வெறுமனே வரும். மத்தியானம் பிளேட் போட்டால்தான் சொன்ன நாளில் புத்தகம் வரும் என்று அச்சகக்காரர் போன் பண்ணிக்கொண்டே இருந்தார். அக்கா, அவரு வரட்டும், கேட்டுக்கலாம் என்றார். மச்சானிடம் செல்போன் கிடையாது. ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்கிறாரோ.

ப்ரூப்பில் கையெழுத்து விழுந்த பிறகு டைப் அடிக்கிறவர்கள் அதைத் தொடக்கூடாது. எங்கள் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். நான் தொட்டேன். மொத்தப் புத்தகத்தையும் ஒரே தட்டில் தேர்ந்தெடுத்து, கொஞ்சம் ஒல்லியான வேறு தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினேன். சரியாக நாற்பத்தெட்டில் வந்து நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் வந்து, எப்டிப் புள்ள அடக்குன என்று கேட்பார் என்று நினைத்தேன்.

ஒல்லி எழுத்துரு குறிகளின் மேலேயும் ஏறிவிட்டது. இங்கிலீஷ் எழுத்தும் எண்களும் அப்படியே இருந்தன. குறிகள் இருந்த இடத்தில் எல்லாம் ஞவும் ழுவும் ணூவும். நான் பக்கங்களைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பக்க எண் பார்த்தேன், வரி ஓரம் பார்த்தேன். தமிழ்ப் புத்தகத்தில் தமிழ் எழுத்து இருப்பது என் கண்ணை உறுத்தவில்லை. எப்போதும் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறவள் நான், அன்று ஒப்பிடவில்லை. ஒப்பிடாமல் பார்த்தால் எனக்குக் கண்ணே கிடையாது.

கட்டு கட்டாகப் புத்தகம் வந்தது அந்த நாள் காலையில்தான். பிரித்துப் பார்க்க நேரமில்லை. அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏற்றினோம். அவர் தூக்கக்கூடாது என்று நான் தூக்கினேன். வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு நான் கதவோரம் நின்றுகொண்டேன். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், காலர் பெரிதாகத் தெரிந்தது. உடம்பு அப்படி இளைத்திருந்தது.

முதலில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு. பிறகு ஒருத்தன் எழுந்து நின்றான்.

"சார், ரெண்டு ஞ மூணு ழு. இத மனப்பாடம் பண்ணணுமா, தாயத்துக்குள்ள வச்சுக் கட்டிக்கணுமா?"

மச்சான் புத்தகத்தைப் பிரித்தார். ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார். கடைசியில் இருந்து ஒரு பக்கம். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். துறைத் தலைவரும் திரும்பி என்னைப் பார்த்தார். எழுத்துரு மாறிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று மச்சான் அவர்களிடம் சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்துப் போர்டில் ஒவ்வொரு குறியாக வரைய ஆரம்பித்தார். ஒரு மணி நேரமும் நின்றுகொண்டே. நடுவில் நாலைந்து தடவை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கதவோரத்திலிருந்து என் கால் நகரவில்லை. முன்வரிசையில் இரண்டு பெண்பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மற்றவர்கள் மணி அடிப்பதற்குக் காத்திருந்தார்கள்.

முடிந்ததும் துறைத் தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். உழைப்பு தெரிகிறது, ஆனால் மார்க்கெட்டில் இதற்கு வேலை இல்லை, பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது என்றார். பெஞ்சுகளில் விட்டுப்போன புத்தகங்களை நான் பொறுக்கி அடுக்கினேன்.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் காளவாசல் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் புள்ள கை வச்ச?"

"ரெண்டு பக்கம் கூடிருச்சு மச்சான்."

"எங்கிட்டக் கேட்டா ரெண்டு பக்கத்த நானே வெட்டியிருப்பேன்ல."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன், ராத்திரிக்குள் சரியாகியிருக்கும். அதன்பிறகு சோறு போடு, மாத்திரை எங்க, வாரேன், போறேன். இவ்வளவு பேச்சுதான் எங்களுக்குள். அந்த மொழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையேட்டையும் எடுக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை பேருக்கு எத்தனை தப்பு வருகிறது, இதற்கு இவ்வளவு நாளா என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். நாளைக்குப் பேசிவிடுவார், நாளைக்குப் பேசிவிடுவார் என்று இருந்தேன். ஒன்பதாம் நாள் காலையில் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

பேரையூரில் எடுத்தோம். அத்தை என் மேல் விழுந்து அழுதாள். புஸ்தகம் புஸ்தகம்னு இருந்த கொஞ்சநஞ்ச உசுரையும் வத்த வச்சுக்கிட்டானே என்றாள். புத்தகத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது. பந்தலில் அத்தனை பேர் நடுவே உட்கார்ந்திருந்தபோது, எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொன்னாலும் அவர்களில் யாருக்கும் அது என்ன குற்றம் என்று விளங்கியிருக்காது. அதுதான் கொடுமை. என்னைத் திட்டுவதற்குத் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார்.

முப்பதாம் நாள் கும்பிட்டதும், இங்கேயே இரு என்று அம்மா சொன்னாள். நான் இருக்கவில்லை. வாடகை வீட்டில் கட்டிலுக்கு அடியில் மிஞ்சிய புத்தகம் எல்லாம் கிடந்தன. பழைய பேப்பர்காரருக்குப் போட மனசு வரவில்லை, பிரித்துப் பார்க்கவும் தைரியம் இல்லை. சில மாசம் அப்படியே போயிற்று. ஒரு நாள் ஒரு புத்தகத்தையும் அவர் கையெழுத்துப் போட்ட ப்ரூப்பையும் கடைக்கு எடுத்துப் போனேன். எந்த இடத்தில் ஞ வந்திருந்ததோ அந்த இடத்தில் எல்லாம் ப்ரூப்பில் ஒரே குறிதான் இருந்தது. ழு இருந்த இடத்தில் எல்லாம் இன்னொரு குறி. ஒரு தாளில் பட்டியல் போட்டுக்கொண்டேன். தப்பான எழுத்தின் மேல் ஒயிட்னர் வைப்பது, காய்ந்ததும் மெல்லிய பேனாவால் குறியை வரைவது. ஒரு புத்தகம் முடிக்க மூன்று நாள் ஆயிற்று. மத்தியானம் கரண்ட் போகும் நேரங்களில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செய்வேன்.

அக்கா முதலில், யாரு வாங்கப் போறா இத என்றார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த வாரம் டவுனுக்குப் போனவர் நாலு ஒயிட்னர் பாட்டில் வாங்கிவந்து மேஜையில் வைத்தார்.

திருத்திய புத்தகங்களில் பத்தை அந்தக் காலேஜ் நூலகத்துக்கு எடுத்துப் போனேன். கையால் அடித்துத் திருத்திய புத்தகத்தைப் பதிவில் ஏற்ற முடியாது என்று நூலகர் சொன்னார். இன்னும் இரண்டு காலேஜில் வாசலோடு சரி. அதன்பிறகு ஆய்வேடு வாங்க வருகிறவர்களின் பைக்குள், அவர்கள் கேட்காமலேயே, ஒரு பிரதியை வைத்து அனுப்ப ஆரம்பித்தேன். சிலர் எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். நான் கடையை விட்டு இறங்கிப் போய் எடுத்துவருவேன். ஒரு தடவை மழையில் நனைந்து, நான் வரைந்த குறிகள் எல்லாம் நீலமாக ஒழுகிக் கிடந்தன. அதை மட்டும் எடுக்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்துக் கடை முகவரிக்கு ஓர் இன்லேண்ட் லெட்டர் வந்தது. வாடிப்பட்டியிலிருந்து. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். புத்தகம் எப்படியோ கைக்கு வந்ததாம், புத்தகத்தின் பின்னால் இருந்த விவரத்தை வைத்து பிளாப்பியும் வரவழைத்துவிட்டாராம். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் மூன்று வாரமாக ஒவ்வொரு பக்கமாகப் போட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். முப்பத்தொன்றாம் பக்கம் மட்டும் ஒத்துவரவில்லை. மழைக் கட்டத்தை வரிசைக்கு ஒரு மாசம் என்று மாற்ற வேண்டும் என்றால் வட்டத்துக்குள் சாய்ந்த கோடு வர வேண்டும், புத்தகத்தில் நேர்க்கோடு இருக்கிறது, நேர்க்கோட்டுக்குக் கட்டம் இடம்வலமாகத்தான் புரளும், கீழே கொடுத்திருக்கும் விடை வராது என்று படமே போட்டிருந்தார். ஆசிரியர் ஐயாவை நேரில் பார்க்க வேண்டும், எப்போது வரலாம் என்று முடித்திருந்தார்.

மறுபடியும் நான்தான் தப்பாக வரைந்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடிப்போய் ப்ரூப்பை எடுத்தேன். ஐம்பது பக்க ப்ரூப்பில் அந்த வரி அடுத்த பக்கத்தில் இருந்தது, அங்கேயும் நேர்க்கோடுதான். ஓரத்தில் அவர் கையெழுத்து. பெட்டியைக் கிளறி அவர் கையால் எழுதிய நோட்டை எடுத்தேன். அதிலும் நேர்க்கோடு. தப்பு அவருடையது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பார்த்தீங்களா மச்சான், ஒங்களுக்கும் தப்பு வரும் என்று சத்தமாகவே சொன்னேன். ஒருத்தர் போட்டுப் பார்த்துவிட்டார், போட்டுப் பார்த்ததால்தான் தப்பு தெரிந்தது. இதைக் கேட்டால் அவர் அந்த வாத்தியாரைப் பார்க்க மறுபஸ்ஸிலேயே வாடிப்பட்டிக்குக் கிளம்பியிருப்பார், சட்டைப் பட்டனைப் படியில் போட்டுக்கொண்டே. அதன்பிறகு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன்.

பதிலைக் கம்ப்யூட்டரில் அடிக்கவில்லை. அடுத்தவர் எழுதியதைத்தான் நான் அடித்திருக்கிறேன், சொந்தமாக ஒரு வரி அடித்ததில்லை. பேனாவால் எழுதினேன். மூன்று இன்லேண்ட் வீணானது. நாலாவதில் இப்படி வந்தது: "அய்யா, நீங்கள் எழுதியது சரி. முப்பத்தொன்றாம் பக்கத்துத் தப்பு ஆசிரியருடையது. மற்ற தப்புகளைச் செய்தவள் நான், திருத்தியவளும் நான்தான். ஆசிரியரைப் பார்க்க முடியாது. இறந்துவிட்டார். நீங்கள் போட்டுப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம். இப்படிக்கு, அவர் மனைவி."

இறந்துவிட்டார் என்று என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. ர் போட்ட இடத்தில் மை கொஞ்சம் பரவிவிட்டது. அப்படியே ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன்.

கடைக்குத் திரும்பியபோது கரண்ட் இல்லை. மீதியிருந்த பிரதிகளை ஜன்னல் பக்கம் இழுத்து, மேலே இருந்ததில் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து, நேர்க்கோட்டின் மேல் ஒயிட்னர் வைத்தேன். காய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.